கை கொடுக்காத ஆறு

காபிஸ் நகரத்தில் காற்று திரும்பினால்
உரத் தொழிற்சாலையின் அழுகிய முட்டை நாற்றம்
ஜன்னல் வழியே வந்து முதல் வரிசையில் உட்காரும்.
சாத்தினால் ரவைத் தட்டில் வெளிச்சம் போதாது.
நாற்றத்தோடுதான் எழுதுகிறோம்.

இருபத்திரண்டு பிள்ளைகள், பதினொரு தட்டு.
கூஸ்கூஸ் ரவையைப் பரப்பி
சுட்டுவிரலால், வலமிருந்து இடம்,
ஒரு கிண்ணம் இழுக்கச் சொல்கிறேன்.
அடியில் ஓர் உலர்திராட்சை வைத்தால் பா.
மேலே இரண்டு வைத்தால் தா.
மூன்று வைத்தால் ஸா.
ஷாஹீன் ஒன்றைத் தின்றுவிட்டான்.
"என்னுது ஸா இல்ல மிஸ், தா" என்கிறான்
மெல்லாமல், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.
சரிதான். தப்பு சொல்ல வழியில்லை.
அடுத்த வாரம் முதல் ஆலிவ் கொட்டை.

பிறகு எழுத்தோடு எழுத்தைக் கோக்கும் வாரம் வந்தது.
மைசம் என்று எழுதினால்
நான்கு எழுத்தும் ஒரே இழுப்பு,
விரலை எடுக்கவே வேண்டாம்,
புள்ளியைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.
ஆனால் ஆறு பேர் இருக்கிறார்கள்.
முன்னால் நிற்பவன் கை நீட்டினால் பிடித்துக்கொள்வார்கள்,
பின்னால் வருபவனுக்குக் கை கொடுக்க மாட்டார்கள்:
அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ்.
ஆறு கஞ்சர்கள் என்றேன்.
வகுப்பு சிரித்தது. நானும்.

விதாத் சிரிக்கவில்லை.
அவள் தட்டில் அவள் பெயர்:

وداد

ஒரு தலைப்பிரட்டை. ஒரு மடக்கிய முழங்கை.
ஒரு குச்சி. திரும்பவும் முழங்கை.
இடையில் ரவை, ரவை, ரவை.
"யாரும் யாரையும் தொடல" என்றாள்.
பிரியம் என்றுதான் உன் பெயருக்கு அர்த்தம்,
சொல்ல வாயெடுத்தேன்.
ஐந்து வயதுக்கு அது ஆறுதலா கேலியா
தெரியாமல் மூடிக்கொண்டேன்.
அவளே ஒரு கோடிழுத்து நாலையும் கட்டினாள்.
வேறு எதுவோ ஆயிற்று,
யாராலும் படிக்க முடியாத ஒன்று.
தட்டைக் குலுக்கினாள்.
ரவை எல்லாவற்றையும் மறந்தது.

வேலையில் சேர்ந்து ஏழு வாரம்.
பயிற்சிக் கையேட்டை இரவில் புரட்டினேன்.
சேராத எழுத்துகளுக்கு அரைப் பக்கம் இருந்தது.
சேராத எழுத்துகளை மட்டும்
பெயராக வைத்துக்கொண்டவளுக்கு ஒரு வரி இல்லை.

வியாழனன்று ஷாஹீன் ஒரு மீன் வரைந்தான்,
பற்கள் அதிகம்.
"விதாதுக்குன்னு எழுதிக் குடு மிஸ்."
கை அதன்பாட்டுக்கு எழுதிவிட்டது:

لوداد

அரபியில் 'க்கு' பின்னால் வருவதில்லை.
லாம் என்ற ஒற்றை எழுத்தாய்
முன்னால் வந்து நிற்கும்.
வந்து நின்றது.
நெட்டையாய் இறங்கி, அடியில் வளைந்து,
வாவின் தலையைத் தொட்டுக்கொண்டு.

எனக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள்.
"இது யாரு?"
"லாம்."
"எதுக்கு வந்துச்சு?"
"உனக்கு மீன் கொண்டுவந்திருக்கு."

அன்றிலிருந்து எல்லாமே விதாதுக்கு.
நாற்காலி விதாதுக்கு, தண்ணீர்ப் புட்டி விதாதுக்கு,
இடது செருப்பு மட்டும் ஏனோ விதாதுக்கு.
தாளின் மூலையில் பெயர் எழுதச் சொன்னாலும்
விதாதுக்கு.
மேற்பார்வையாளர் வந்தார்,
லாமைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டார்.
"பெயர் மட்டும் போதும்."
தலையாட்டினேன். திருத்தவில்லை.

பின்னால் தாலும் அலிஃபும் தாலும்
இன்னும் தனித்தனியேதான் நிற்கின்றன.
அதையும் கவனித்திருக்கிறாள் போல.
நேற்றுத் தாளில்
ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு மீன்.
மூன்றுக்கும் பற்கள் அதிகம்.