தலை மாறிய வாரம்

கத்திரி வெயிலில் இரண்டும் கொதித்து வந்தன,
ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக,
கோச்சடையில் என் கொட்டகைக்கு.

ஒன்று பிரெஸில்லாவின் கார்.
கூரையில் மஞ்சள் பலகை, முன்னால் சிவப்பு எல்.
கிளட்சை விடத் தெரியாதவர்கள் காலடியில்
குலுங்கிக் குலுங்கி அணைந்தே
வயசான கார்.

மற்றது காசிமாயனின் குட்டி லாரி.
தொண்டியில் மீன் ஏற்றி
ஐஸ் தண்ணியாகுமுன் மதுரை சேரணும்.
டீசலுக்கும் கவிச்சிக்கும் நடுவே
பதினெட்டு வருசம் ஓடியது.

இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான்.
கம்பெனி ஒரே வயிற்றில் பெற்று
ஒருத்தியைக் காருக்கும் ஒருத்தியை லாரிக்கும்
கட்டிக்கொடுத்தது.
பிளாக் அதே, பிஸ்டன் அதே.
தலை மட்டும் வேறு.
கார்த் தலைக்கு வால்வு அகலம்,
ஓட ஓடத்தான் மூச்சு வரும்.
லாரித் தலைக்கு வாசல் குறுகல்.
மெல்ல இழுத்து மெல்ல விட்டு
மூட்டை சுமக்கும்.

இரண்டு தலையையும் முகம் சீவ
புதூர் லேத்துக்கு அனுப்பினேன்.
சாக்கில் சுற்றி, இருட்டியபின் வந்தன.
கரண்ட் இல்லை. காசிமாயன் வேறு
வாசலில் நின்று மணி பார்த்தான்.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே,
மூன்று சுற்று போல்ட்டை முறுக்கினேன்.
எந்தத் துளையும்
நான் அவளில்லை என்று சொல்லவில்லை.

விடிந்து, டீ கிளாசோடு குனிந்தபோதுதான்
பக்கவாட்டு வார்ப்பு எண்ணைப் படித்தேன்.
தலையெழுத்து என்பார்களே,
தலையிலேயே எழுதியிருந்தது.
லாரியின் எண் காரில்.
காரின் எண்
அந்நேரம் மீனோடு வந்துகொண்டிருந்தது.

பழைய கேஸ்கெட் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
நாலாம் சிலிண்டர் ஓரம் ஒரு தண்ணிக்கண்
மிளகளவு விலகி நின்றது.
மிளகளவுதானே.

யாரிடமும் சொல்லவில்லை.
எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்றால்
ஆர்.டி.ஓ ஆபீசில் சிரிப்பார்கள்.
அங்கே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பது
பிளாக்கின் எண்ணை.
கழுத்துக்கு மேலே எவள் தலை என்று
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

பத்தாம் நாள் பிரெஸில்லா
கேட்காமலே மீதிப் பணம் தந்தாள்.
“வண்டி அணையவே மாட்டேங்குதுண்ணே.
அரசரடி சிக்னல்ல பிள்ளைக காலை எடுத்தாலும்
தானா உருளுது. டெஸ்ட்டுக்குப் போன ஏழு பேரும் பாஸ்.”

எண்ணி முடிக்குமுன் லாரியும் வந்து நின்றது.
“நேர் ரோட்டுல பறக்குது,
பாலம் ஏறச் சொன்னா உக்காந்துக்குது.
என்னத்தப் பண்ணித் தொலைச்ச?”

சொன்னேன்.
கையில் பணம் இருந்தது, முழுசாகச் சொன்னேன்.

“எந்தலையக் குடு.”
“அது என் வண்டியில இருக்கு, தர மாட்டேன்.”
“எட்டுப் பெட்டி சங்கரா ஐஸ்ல கெடக்குதும்மா.”
“அப்ப சாவியக் குடுங்க.”

பெட்டி எட்டும் பின்னால் இருக்க
பிரெஸில்லா லாரியை எடுத்தாள்.
அத்தனை உறுமலை அந்த எஞ்சினிடம்
நான் கேட்டதில்லை.
ஆரப்பாளையம் பாலம் ஏறி, திரும்பி வந்து,
ஸ்டியரிங்கில் பட்ட செதிலைக் கர்ச்சீப்பில் துடைத்தாள்.

“தலை மேல தப்பில்ல.
இதுக்குக் கத்த விடணும். நீங்க மூணாவதுலயே
முனகி இழுக்கறீங்க.
மேடு தெரியுமுன்ன ரெண்டுக்கு வாங்க.
ஞாயித்துக்கிழமை, காலையில ஆறு மணி.
ஒரு வகுப்பு முன்னூறு ரூபா.”

காசிமாயன் என்னைப் பார்த்தான்.
முன்னூறை என் கணக்கில் எழுதச் சொன்னேன்.

ஞாயிறு.
மீன் பெட்டிக் கயிற்றால்
லாரி முகத்தில் சிவப்பு எல்லைக் கட்டினாள்.
சீட்டில் துண்டு விரித்து உட்கார்ந்தாள்.
வயசுக்கு மீறி நிமிர்ந்து அவன் ஓட்டிப் போனான்.

இரண்டாம் கியர் விழுந்த சத்தம்
கொட்டகை வரைக்கும் கேட்டது.
ரோட்டில் ஐஸ் தண்ணி சொட்டிய கோட்டை
மோந்து மோந்து
ஒரு பூனையும் பாலம் ஏறிக்கொண்டிருந்தது.