கூண்டு ஏற்றாத மாதம்

பங்குனியில் எங்கள் தொண்டி அலுவலகத்தை
யாரும் கூப்பிடுவதில்லை.
கார்த்திகையில் மணிக்கு நாற்பது அழைப்பு,
வாசலில் மைக்கோடு நிற்பார்கள்.
இப்போது 'வானம் தெளிவாகக் காணப்படும்'.
தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

நம்புதாளையிலிருந்து ராக்கு மட்டும் கேட்பாள்:
'சார், இன்னைக்குக் கொண்டல் எத்தன மணிக்கு?'

மணலில் விரித்த வலைமேல் அவளுடைய நெத்திலி.
விடிகாலைக் கச்சான்
கரையிலிருந்து கடலுக்கு லேசாக ஓடும்வரை காயலாம்.
அது செத்து, கடல் பக்கம் காற்று எழுந்தால்
மீனில் மண் ஏறும்.
பல்லில் மண் கடிபடும் கருவாடு
திருவாடானைச் சந்தையில் பாதி விலை.
முந்தி அள்ளினால் ஈரம். பிந்தினால் மண்.

எட்டரைக்குப் பெட்டியைத் திறக்கிறேன்.
குறைந்தபட்சம் இருபத்தைந்து புள்ளி நான்கு.
காற்றுமானியின் கிண்ணங்கள் சுற்றவில்லை,
ஒன்றில் மைனா உட்கார்ந்திருக்கிறது.
தேவகோட்டையில் இருக்கும் மச்சானிடம் போனில் கேட்கிறேன்.
அங்கே இப்போதே இருபத்தொன்பது.
அந்த மண் எவ்வளவு சீக்கிரம் சுடுகிறதோ
அவ்வளவு சீக்கிரம் இங்கே கடல் கிளம்பும்.
நேற்றைய நேரத்தை எடுத்து
ஐந்து நிமிடம் குறைத்து
பதினொன்று இருபது என்கிறேன்.
இதற்குப் பெயரும் விஞ்ஞானம்தான், சிரிக்காதீர்கள்.

கொண்டல் தொட்டதும் பாதரசம் நின்றுவிடும்.
அரை மணி பிந்தினால் அரை டிகிரி கூட ஏறும்.
ஆக, ஒரே கணிப்புக்குத்தான் இரண்டு கட்டம்.

வியாழக்கிழமை பதினொன்று ஐம்பதுக்கு வந்தது.
ஏனென்று இன்னும் தெரியவில்லை.
சொன்னது முப்பத்துமூன்று, ஏறியது முப்பத்துமூன்றரை.
சென்னையில் 'சரி' என்று டிக் போட்டுவிட்டார்கள்.
ராக்கு சாயங்காலம் கூப்பிட்டாள்:
'சார், அரை மணி.
அள்ளுனதத் திரும்ப விரிச்சேன்.
ஒம்பது கிலோ. காக்காய்க்கு ஒரு கிலோ போச்சு.'
திட்டக்கூட இல்லை.

அரை மணிக்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
கூட்டல் முப்பது. காகம், ஒரு கிலோ.
அன்றிலிருந்து ஓரமும் நிரம்புகிறது.
கழித்தல் பத்து, மண்.
பூச்சியம். பூச்சியம்.
கூட்டல் ஐந்து, பரவால்ல என்றாள்.
ஞாயிறு, பூசைக்கு விடுமுறை, மீன் இல்லை,
ஆனாலும் பார்த்தேன்: பதினொன்று பதினேழு.

புயல் எப்படியும்
நாலு நாளைக்கு முன்பே ஊரைக் கூட்டிக்கொண்டு வரும்.
இந்தக் காற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை.
ஒரு நிமிடம் முன்னால்கூட
தண்ணீர் தகரம் மாதிரிக் கிடக்கிறது.

நாளைக்கு வானம் தெளிவு.
அதிகபட்சம் முப்பத்துமூன்று.
பதினொன்று இருபத்தைந்து, ராக்கு.
அதற்கு முன்னால் மைனா எழுந்தால்
நானே கூப்பிடுகிறேன்.