பறிக்காமல் விட்டவை

தராசை முழங்காலில் சாய்த்துக்கொண்டு
லியாவ் கேட்கிறான்: "இவ்வளவுதானா, யுத்ரோன்?"
செங்டுவிலிருந்து மூன்று நாள் லாரியில் வருகிறவன்.
ஒரு கிலோவுக்கு மூவாயிரத்துச் சொச்சம் கிழங்கு.
அவன் எண்ணிப் பார்த்ததில்லை.
என் முழங்கால்கள் எண்ணியிருக்கின்றன.

நகரத்து இருமலுக்கு மருந்து இது.
எங்கள் வீட்டில் இருமலுக்கு வெந்நீர்.

பெய்மூ கல்சரிவில் முளைக்கும்,
புல்லும் வரத் தயங்குகிற உயரத்தில்.
முதல் வருடம் ஒற்றை இலை,
அடுத்த வருடமும் ஒற்றை இலை,
ஐந்தாம் வருடம்தான் ஒரு பூ, தலை கவிழ்ந்து.
எங்கள் சரிவில் பூவும் சாம்பல், இலையும் சாம்பல்,
தண்டு மட்டும் ஈரம் காய்ந்த கல்லின் பழுப்பு.
குப்புறப் படுத்து, கன்னத்தைச் சரளையில் வைத்து,
தரையோடு தரையாகக் கண்ணை ஓட்டினால்
காற்றுக்கு ஆடுகிற கல் ஒன்று தெரியும்.
அதுதான்.
நடுப்பகல் ஒளியில்,
ஒளியிலேயே ஒளிந்துகொண்டு.

"திருட்டுச் செடி" என்பார்கள் எங்கள் பெண்கள்.
நானும் இருபத்தாறு கோடை அப்படித்தான் திட்டினேன்.

போன ஜூனில்
சினையாயிருந்த கவரி எருமை ஒன்று
மந்தையை விட்டு விலகிப் போயிற்று.
சாணம் பார்த்துச் சாணம் பார்த்து
ஆற்றைக் கடந்து, நாங்கள் ஏறாத முகட்டுக்குப் போனேன்.
அங்கே பாறை ஒவ்வொன்றும் அடுப்பளவு, ஆளளவு.
இடுக்குகளில் ஏதோ ஒரு செடி,
பச்சைப்பசேலென்று, மஞ்சள் பூவோடு,
கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல் நின்றது.
எனக்குப் பெயர் தெரியவில்லை.
எருமைக்குக் கயிறு போட்டு
இழுத்துக்கொண்டு திரும்பும்போதுதான்
இலை அடுக்கைப் பார்த்தேன்,
பூவின் கவிழ்ந்த கழுத்தைப் பார்த்தேன்.

பெய்மூ.
இருபத்தாறு வருடம் என் அடுப்பை எரித்த செடி.

கத்தியை விட்டுத் தோண்டினேன்.
பாறைக்குக் கீழே பாறை. முனை முறிந்தது.
அதனால்தான் அங்கே யாரும் வருவதில்லை.
அதனால்தான் அங்கே பச்சை.

இறங்கி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.
எங்கள் சரிவிலும் ஒரு காலத்தில் பச்சை இருந்திருக்கும்.
நடுநடுவே மங்கலாய் ஒன்று, வெளிறி ஒன்று,
ஒரே விதைப்பையில் வந்த கூடப்பிறப்புகள்.
பச்சையை என் மாமியார் பார்த்தாள்,
அவளுக்கு முன்னால் அவள் மாமியார்.
பார்த்ததைத் தோண்டினார்கள்.
மங்கல் விதை விட்டது.
அதன் பிள்ளைகளில் எது கொஞ்சம் பச்சையோ
அது என் பைக்குள் வந்தது.
எந்தச் செடியும் எதையும் யோசிக்கவில்லை.
நாங்கள்தான், கோடை முழுக்க,
களை பிடுங்குகிற மாதிரி
கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவிட்டு
கண்ணில் படாததைப் பயிர்செய்துகொண்டிருந்தோம்.

என் கண் கூர்மையென்று ஊரில் பேர்.
அந்தக் கூர்மையின் மகசூல் இது.

என் கொழுந்தன் லோசெலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
பிரார்த்தனைக் கொடிகளை வரிசை மாற்றிக் கட்டுவான்,
சிரிப்போம்.
இந்த வருடம் அவன் பை என் பையைவிடக் கனம்.
"நீ நிறத்தைத் தேடுகிறாய், அண்ணி.
கல்லுக்கு ஏது காம்பு?
நான் காம்பைத் தேடுகிறேன்."
இப்போது யாரும் சிரிப்பதில்லை.
லியாவ் அவனுக்கு சிகரெட் நீட்டுகிறான்.

இனி நேராக நிற்பதெல்லாம் போகும்.
எங்கோ ஒன்று கோணலாய்,
கல்லோடு கல்லாய்ப் படுத்து முளைத்திருக்கும்.
லோசெலின் முழங்கால் அதன்மேலேயே ஊன்றி
அடுத்ததற்கு நகரும்.

"இவ்வளவுதான்" என்கிறேன் லியாவிடம்.
ஆற்றுக்கு அப்பாலுள்ள பச்சையைப் பற்றிச் சொல்லவில்லை.
லாரியில் அவன் கடப்பாரை வைத்திருக்கிறான்,
பார்த்தேன்.