டார்ச் இரண்டு

அக்டோபரில் வாருங்கள் என்று எழுதிவிட்டு
அழிக்கிறேன்.
எங்கள் வெயிலை உங்களுக்குச் சொல்ல
ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது.
நாற்பது டிகிரி என்றால் அது வெறும் எண்.
லுவாங்வா ஆறு மெலிந்து மெலிந்து
நீர்யானைகள் ஒன்றன்மேல் ஒன்று
கன்னம் வைத்துப் படுக்கும் குட்டையாகும்.
பேச்சைக்கூட மிச்சம் பிடிப்போம்.
அப்படி ஒரு மாதம்.

ஆனால் அப்போதுதான்
கரைமண்ணில் பொந்து தோண்டிக் குடியேறும்
செந்நிறப் பஞ்சுருட்டான்கள்.
ஒரு கழுகின் நிழல் விழுந்தால் போதும்,
அத்தனையும் ஒரே மூச்சில் எழும்.
யாரோ ஏதோ சொல்லி
கரைக்கே முகம் சிவந்ததுபோல்.

ஆகவே அக்டோபர்.
மறுபடி எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்னாத் சகாலா.
ம்ஃபுவேயில் ஒரு மேசை, சுவரில் ஒரு வரைபடம்,
மதியம் போய் இரவு பத்துக்குத் திரும்பும் மின்சாரம்.
உங்கள் அடுத்த ஆண்டின் ஏழு நாட்கள்
இப்போது என் விரல்நுனியில் இருக்கின்றன.
பயமாகத்தான் இருக்கிறது.

பதினான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்.
நீலச் சட்டை வேண்டாம், கறுப்பும் வேண்டாம்;
செட்சி ஈக்கு அந்த நிறங்கள் என்றால் உயிர்.
நடைப்பயணத்தில் துப்பாக்கிக்காரர் முன்னால் போவார்,
நீங்கள் ஒற்றை வரிசையில் பின்னால்.
அவர் கை உயர்ந்தால் நில்லுங்கள்.
ஏன் என்று பிறகு கேட்கலாம்.
மலேரியா மாத்திரைக்கு உங்கள் மருத்துவரைப் பாருங்கள், என்னை அல்ல.

பதினோராவது: சிறுத்தை நிச்சயமா?
நான் சிறுத்தைக்கு நேரம் குறித்ததே இல்லை.
மூன்றாம் நாள் மாலை என்று போட்டிருக்கிறேன்.
அதை நீங்கள் படித்துவிட்டீர்கள்,
அது இன்னும் படிக்கவில்லை.

பன்னிரண்டாவது:
யானையை எவ்வளவு அருகில் பார்க்க முடியும்?

செவ்வாய் இரவு, மூன்று வந்தன.
எங்கள் சோளக் குதிரின் கூரையை
சட்டிமூடியைத் தூக்குவதுபோல் தூக்கி
ஓரமாக வைத்தது ஒன்று.
அண்ணன் பாட்சன் தகரத்தைத் தட்டினான்.
சாணமும் மிளகாயும் பிசைந்த கட்டிகளைக் கொளுத்தினோம்.
காற்று எங்கள் பக்கம் திரும்பி
நாங்கள்தான் இருமினோம்.
பாதியில் அவன் டார்ச் செத்தது.
பிறகு மெல்லும் சத்தம் மட்டும்.
அவசரமே இல்லாத மெல்லல்.
நாலு மூட்டை.
விடிந்து பார்த்தால் வாசலில்
முறம் முறமாய்க் கால்தடம்.
பாட்சனின் சின்னவள் ஒன்றில் உட்கார்ந்து
இடம் போதும் என்றாள்.

"மிக அருகில்" என்று பதில் எழுதினேன்.
அலுவலகத்தில் யாருமில்லை,
கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

கோபமா என்றால், இருந்தது, புதன் மதியம்வரை.
பிறகு கூரையைக் கட்ட வேண்டியிருந்தது.
உங்களைப் போன்றவர்கள் வருவதால்தான்
பாட்சன் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம்.
நீங்கள் வருவது அவற்றுக்காக.
அவை வருவது எங்கள் சோளத்துக்காக.
இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும்
ஒரு எண் மிச்சம் நிற்கிறது.

ஐந்தாம் நாள் படகு இல்லை, ஆற்றில் தண்ணீர் போதாது.
ஆறாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.
மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
மரநிழலில் உட்கார்ந்திருங்கள்.
ஏதாவது வரும்.
வராமலும் போகலாம், அன்றைக்கும் அதே கட்டணம்தான்.

மின்சாரம் போகப் போகிறது,
விசிறி மூச்சு வாங்குகிறது.
கடைசியாக, கொண்டுவர வேண்டியவை:
அகல விளிம்புத் தொப்பி, பழகிய செருப்பு,
தொலைநோக்கி,
டார்ச் இரண்டு.

இரண்டு எதற்கு என்று
பதினைந்தாவதாகக் கேட்பீர்கள்.
திரும்பிப் போகையில்
ஒன்று போதும் உங்களுக்கு.