விற்பதற்கில்லை

லோரோங் கூலிட் சந்தையில்
ஒன்பது மணிக்கே வெயில்.
ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்த ஆ லியோங்
பதினேழாம் பக்கத்தில் நின்றான்.
பினாங்கு கோல்கீப்பர், எண்பத்தாறு.
ஒரு கையில்தான் கையுறை; அச்சுப் பிழை.
பிளாஸ்டிக் உறைக்குள்
அவன் மட்டும் வியர்க்கவில்லை.

"எண்ணூறு வெள்ளி."

விற்பதற்கில்லை என்றேன்.
காசுக்கா சேர்க்கிறோம் என்றும் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே,
நாலு கடை தள்ளி
கரண்டி பேரம் பேசிக்கொண்டிருந்த
பரிமளாவுக்குக் கேட்கும்படி.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மோட்டாரில் ஏறும்போதுதான்,
"போன மாசம் அறுநூறுன்னீங்க."

ஜெலுத்தோங் சிக்னல் வரை
இருவரும் பேசவில்லை.
சட்டைக்குள் ஆல்பம்
நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது,
இருநூறு வெள்ளி கனம் கூடி.