பெட்டிகள்

மாலை ஆறு பத்துக்கு அஜினிடமிருந்து வந்தன
பத்தொன்பது பெட்டிகள்.
ஒன்றிலும் சரக்கில்லை.
இடையில் இரண்டு சந்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி.
அந்தக் கேள்விக்குறியை மட்டும்
என்னால் வாசிக்க முடிந்தது.

குலசேகரத்தில் காலையிலிருந்து விடாத மழை.
பேச்சிப்பாறையில் மதகு தூக்கியாச்சு என்று
ஷீட் கடையில் சொன்னார்கள்.
தம்பிக்கு வேலை அருமனையில்.
திற்பரப்பு தாண்டித்தான் வரவேண்டும்.

கூப்பிடலாம். ஆனால் இந்தப் போனில்
லினக்ஸ் ஏற்றி இரண்டு நாள்தான் ஆகிறது.
மணி அடிக்கும், அவன் எடுப்பான்,
என் குரல் மட்டும் அந்தப் பக்கம் போகாது.
மைக்கை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கியிருந்தேன்.
பழைய போனை லிபினுக்கு விற்றது முந்தாநாள்.

சரி, முதலில் எழுத்துரு.
கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தேன்.
நான்கு சதவீதத்தில் கரண்ட் போனது,
வைஃபையும் கூடவே போனது.
சிம்மின் ஒற்றைக் கோட்டை நம்பி
ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்துவைத்தேன்.
பதினொன்று. பதினொன்று. பதினொன்று.
கிழட்டு ரப்பர் மரம்கூட
இதைவிட வேகமாகச் சொட்டும்.

சும்மா இருக்க முடியாமல்
மொழிப் பட்டியலைத் திறந்தேன்.
எல்லா வரிக்கும் முன்னால் ஒரு வேலிக்குறி.
போலந்தின் ஏதோ ஒரு பேச்சுக்குக் கீழே,
துளுவுக்கு மேலே தமிழ்:
இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று.
களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் என்று
தனியாக எதுவும் இல்லை.
இந்தியாவின் வேலியைப் பிடுங்கினேன்.

எட்டேகாலுக்கு முடிந்தது.
போனை அணைத்து எழுப்பினேன்.
செய்தியைத் தொட விரல் வரவில்லை.
அமைப்புகளுக்குள் போய்
மொழி, ஒலி, திரை வெளிச்சம், மின்கலம் என்று
ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தேன்,
சுவரில் பல்லியைத் தவிர கேட்க ஆளில்லை.
பிறகு தொட்டேன்.

எனக்க கொடைய எடுத்தியா?

க-வின் இரண்டு பக்கமும் கொம்பும் காலும்
இடம் பிசகாமல் நின்றன.
சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல்
கதவு மூலையைப் பார்த்தேன்.
எடுத்திருக்கிறேன்.
கைப்பிடியில் அவன் சுற்றிய பச்சை டேப்,
நுனியில் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

உனக்க கொட எனக்க கையிலதான், நனைஞ்சியா
என்று அடித்தேன்.
அடியில் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன.
எனக்க தப்பு, எனக்கு என்று எழுது என்றது போன்.
உனக்கவும் தப்பு.
கொட-வைத் தட்டினால் கொடு என்றது.
அதுவும் நியாயம்தான்.

சொற்கோப்பைத் திறந்து கடைசி வரிக்குக் கீழே
மூன்றையும் சேர்த்தேன்.
அப்புறம் கை நிற்கவில்லை.
அவனுக்க. அவளுக்க. பறஞ்சேன். சக்க.
அம்மா கோழியைத் துரத்தும்போது சொல்லும்
ஒரு வார்த்தையையும், எழுத்துக்கூட்டத் தெரியாமல்,
மூன்று விதமாக.

நனைந்த செருப்பு வாசலில் பிதுங்கும் சத்தம் கேட்டபோதுதான்
கவனித்தேன்,
பதிலை நான் இன்னும் அனுப்பவில்லை.