இரண்டிலிருந்து நாலு வரை

மாதத்தின் மூன்றாவது வியாழன்.
இரண்டு மணிக்கு ரோஸ்னா வந்துவிடுவாள்,
கையில் பலகாரப் பொட்டலம், காலில் சத்தம் வராத சப்பாத்து.
"போய்ட்டு வாங்க அக்கா, நான் பாத்துக்கறேன்."
சொல்லாமலே அவளுக்குத் தெரியும்:
சாவி அரிசி டின்னுக்குள்.
காஸ் மூடியிருக்கிறது.
கண்ணாடிக்கு மேல் துண்டு தொங்குகிறது,
உள்ளே யாரோ கிழவன் நின்று முறைக்கிறானாம்.

பதினான்காம் மாடி. லிப்ட் இறங்க இறங்க
என் காதுக்குள் அவர் குரலும் கூடவே இறங்கும்:
"பிலோமினா, முதல் பெர்ரி எத்தனை மணிக்கு?"

முப்பத்தோரு வருஷம்
பெர்ரியின் வயிற்றுக்குள் எஞ்சின் பார்த்தவர்.
கடலைப் பார்க்காமலே தினம் கடலைக் கடந்தவர்.
இப்போது விடிகாலை மூன்றுக்கு
சட்டையை உள்வெளியாய் மாட்டிக்கொண்டு
கதவைப் பிடித்து ஆட்டுகிறார்.
ஷிப்ட்டுக்கு நேரமாச்சாம்.

ஒருநாள் கத்திவிட்டேன்.
அந்தப் பெர்ரி நின்றுபோய் வருஷமாச்சு,
உங்களுக்கு வேலையும் இல்லை, போய்ப் படுங்கள்.
அவர் முகம்
சாவுச் செய்தி கேட்ட முகம்.
மறுநாளும் கேட்டார். மறுநாளும் சொன்னேன்.
மறுநாளும் அவருக்கு அது புதுச் சாவு.

பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை.
ஜெலுத்தோங்கில், ஒரு கிளினிக்கின் மேல்மாடியில்,
பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு முன்னால் சொன்னேன்.
யாரும் 'ஐயோ' என்கவில்லை.
மேடம் ஊய், மலாயும் ஹொக்கியனும் கலந்து,
"எங்கம்மா தினமும் மீன் கடை திறக்கக் கிளம்புவாள்.
கடையை இடித்துவிட்டார்கள் என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தேன்.
இப்போது, வௌவால் மீன் என்ன விலை என்று கேட்கிறேன்.
ஒரு மணி நேரம் பேரம். எப்போதும் அவள்தான் ஜெயிக்கிறாள்."

சிரித்தோம்.
கடைசி நாற்காலியில் தவமணி அண்ணன் சிரித்தபடியே அழுதார்.
அவர் மனைவிக்கு அவர் இப்போது
பைப் ரிப்பேர் பண்ண வந்த ஆள்.
"நல்ல மனுஷன்" என்றாளாம் மகளிடம்,
"காசு கொடுத்து அனுப்பு."

இந்த வியாழன் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
உட்கார்ந்தேன்.
யாரோ மாத்திரை மாற்றியதைப் பற்றிப் பேசினார்கள்.
குளிக்க வைக்கும்போது முதலில் பாதத்தை நனையுங்கள் என்றாள் நர்ஸ்.
எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்தேன்.
அதோடு சரி.

கண் திறந்தபோது மூன்றே முக்கால்.
விளக்கை அணைத்திருந்தார்கள்.
நாற்காலிகளையெல்லாம் வராந்தாவுக்குத் தூக்கிப்போய்
அங்கே குசுகுசுவென்று கூட்டம் நடந்துகொண்டிருந்தது.
என் மேல் யாருடையதோ பாத்தேக் துணி.
மடியில் நோட்டு. அதில் தவமணி அண்ணன் கையெழுத்து:
'பாதம், கை, முதுகு. தலை கடைசியில்.'
பக்கத்தில் டிஷ்யூவில் சுற்றிய கறிபாப்.

ஒரு காதைத் திறந்து வைக்காமல்
தூங்கி எத்தனை மாசம்?
வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.
துடைத்துக்கொள்ள அவசரப்படவில்லை.

ரோஸ்னா கதவைத் திறந்தாள்.
"மாமா சாப்பிடல. ரெண்டு தடவ அடிக்க வந்தார்.
பரவால்ல அக்கா, அடுத்த மாசமும் நான்தான் வருவேன்."
அவள் மணிக்கட்டில் நகம் கீறிய கோடு.
நான் பார்ப்பதைப் பார்த்து
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அன்று ராத்திரியும் மூன்றுக்குக் கதவு ஆடியது.
எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி
நேராய்ப் போட்டுவிட்டேன்.
"எஞ்சின் சூடாக எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்றேன்.
யோசித்தார்.
"இருபது நிமிஷம்."
"அதுவரைக்கும் உக்காருங்க."
உட்கார்ந்தார்.
கறிபாப்பை இரண்டாய்ப் பிய்த்து வைத்தேன்.
பெரிய பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு
மரியாதையாய்க் கேட்டார்,
"நீங்க எந்த ஷிப்ட்?"

"நைட்" என்றேன்.